ஜான் சீனா தோற்ற அன்று கூட்டம் யாரைத் திட்டியது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி, அடுத்த சாம்பியன் யார், இன்னார் எப்போது திரும்பி வருவார் என்கிற ரகம். அதற்கெல்லாம் நான் ஆள் இல்லை, ஜோசியரைப் பாருங்கள். ஒரு தம்பி எழுதிய கேள்விதான் வந்ததிலிருந்து என்னை விட மாட்டேன் என்கிறது. வாசிக்கிறேன்: "அண்ணா, ரெஸ்லிங்கில் முடிவு முன்கூட்டியே எழுதி வைத்தது என்று இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் ஏன் ஜான் சீனா கடைசி மேட்சில் தோற்றதற்கு ஜனங்கள் அவ்வளவு கோபப்பட்டார்கள்? தெரிந்தே பார்க்கிறவனுக்கு என்ன கோபம்?"

தம்பி, நேரில் பார்த்தால் இந்தக் கேள்விக்காகவே ஒரு டீ வாங்கித் தருவேன்.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. 2025 டிசம்பர் 13, வாஷிங்டன். நம் நேரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிராளி குந்தர். கழுத்தைப் பூட்டிப் பிடித்துவிட்டார். சீனா கொஞ்ச நேரம் திமிறினார், அப்புறம் லேசாகச் சிரித்தார், கையைத் தட்டி விட்டுக்கொடுத்துவிட்டார். "ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே" என்று சட்டையிலும் தொப்பியிலும் அச்சடித்து இத்தனை வருடம் விற்ற மனிதர், கடைசி நாளில் விட்டுக்கொடுத்தார். கூட்டம் கத்தியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேட்ச் முடிந்து டிரிபிள் எச் வெளியே வந்தபோது அவருக்கும் சரமாரியாக விழுந்தது திட்டு. அவர் மேட்சிலேயே இல்லை. கோட்டு சூட்டு போட்டு வந்தவர். ஆனால் இந்த மேட்சுகளை நடத்துகிற டபிள்யூ.டபிள்யூ.இ. கம்பெனியில் கதையை முடிவு செய்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். தம்பி கேள்விக்கு நேரான பதில் இதுதான்: ஜெயித்தவன் மேல் இருந்ததை விடக் கோபம் எழுதியவன் மேல்தான்.

அந்தக் காலத்தில் இப்படி இல்லை. 1971 ஜனவரி 18, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். புரூனோ சம்மார்ட்டினோ 1963 மே மாதத்திலிருந்து சாம்பியன். இத்தாலியக் குடியேறிகளுக்கு அவர் வீட்டுப்பிள்ளை. அவரை அன்று இவான் கோலாஃப் என்கிற 'ரஷ்யர்' தோற்கடித்தார். ரஷ்யர் என்பது சும்மா, ஆள் கனடாக்காரர். மேல்கயிற்றில் ஏறி முழங்காலோடு விழுந்தார், நடுவர் மூன்று எண்ணினார், அரங்கில் ஒரு சத்தம் இல்லை. அடிபட்டதில் தன் காதுதான் அடைத்துப்போய்விட்டதோ என்று நினைத்ததாகப் புரூனோவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கலவரம் ஆகிவிடும் என்று பயந்து, சாம்பியன் பெல்ட்டை ரிங்கில் வைத்துக் கொடுக்கவே இல்லை. சும்மா வந்த பயம் இல்லை அது. அந்தக் காலத்தில் வில்லன்கள் ரிங்கிலிருந்து உள்ளே போகிற அந்த நடைபாதைதான் உண்மையான ஆபத்து. ஓலே ஆண்டர்சனை ஒரு பார்வையாளர் நிஜக் கத்தியாலேயே கிழித்திருக்கிறார். அவர்களுக்குக் கோபம் அந்த ஆளின் மேல். எழுதுகிறவன் என்று ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பே கிடையாது.

இங்கே எங்கள் வீட்டிலும் அதுதான். 1998 ஜனவரி ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் அண்டர்டேக்கரைச் சவப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, கேன் என்கிற வீரர் அதற்குத் தீ வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் அப்பத்தா வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தது. தீயைக் கண்டதும் துப்பக்கூட மறந்துபோய், "அடேய், இத்தனை பேர் நிக்கிறீங்க, ஒருத்தனாவது தண்ணிய ஊத்துங்கடா!" என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டது. நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அதே பதற்றம்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் டிரம்ப் கார்டு கட்டிலிருந்து அண்டர்டேக்கர் சீட்டை எடுத்துவிட வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா என்று பெரிய பஞ்சாயத்தே நடந்தது. உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று போட்டிருக்கும் அந்தச் சீட்டு. ரேங்க்கில் தோற்றவன் உயரத்தில் ஜெயிப்பான். நம்மூரில் பலருக்கு இந்த ஆட்கள் எல்லாம் அறிமுகமானதே டிவியில் இல்லை, அந்தச் சீட்டில்தான். சரி, எங்கேயோ போகிறேன்.

கம்பெனிக்காரர்கள் இந்த நம்பிக்கையை எப்படிக் கட்டிக் காத்தார்கள் தெரியுமா? ரிங்கில் எதிரிகள் என்றால் வெளியிலும் எதிரிகள். ஒரே ஓட்டலில் சாப்பிடக் கூடாது, ஒரே காரில் போகக் கூடாது. இதற்குக் கேஃபேப் என்று பெயர், பழைய வீடியோக்களில் சொல்லியிருக்கிறேன். 1987 மே மாதம் அமெரிக்கக் கொடி பிடிக்கிற ஜிம் டக்கனும், அமெரிக்காவைத் திட்டுகிற ஈரானியர் அயர்ன் ஷேக்கும் நியூ ஜெர்சியில் ஒரே காரில் போதைப்பொருளோடு போலீசில் மாட்டினார்கள். போதையை விட, ஒரே காரில் போனதுதான் பெரிய மானக்கேடாகிப் போனது. நம் ஆட்களுக்கு இது புரியாது. நம்பியார் வருஷம் தவறாமல் சபரிமலைக்குப் போகிற குருசாமி என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் படத்தில் அவர் கையைப் பிசைந்தால் கொட்டகையில் சாபம்தான் விழும். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள நமக்கு வந்தது. அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஜனங்களுக்கு அது வராது என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

அதே கம்பெனிதான் 1989-இல் நியூ ஜெர்சி சட்டமன்றத்தில் போய், "ஐயா, இது விளையாட்டே இல்லை, பொழுதுபோக்கு" என்று சொன்னது. விளையாட்டு என்றால் அரசாங்க ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் உண்டு, அதனால். காசு என்று வந்ததும் ரகசியத்தைத் தானே போட்டு உடைத்தார்கள்.

உடைந்தது எல்லோருக்கும் போய்ச் சேர இன்னும் சில வருடம் ஆனது. 1996 மே, மறுபடியும் அதே மாடிசன் ஸ்கொயர் கார்டன். கெவின் நாஷும் ஸ்காட் ஹாலும் போட்டிக் கம்பெனிக்குப் போகிறார்கள், அதுதான் இங்கே கடைசி நாள். மேட்ச் முடிந்ததும் ஷான் மைக்கேல்ஸ், டிரிபிள் எச் உட்பட நாலு பேரும், அதில் நல்லவனும் உண்டு கெட்டவனும் உண்டு, நடு ரிங்கில் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். டிவியில் வரவில்லை, ஒரு ரசிகர் ஒளித்துக் கொண்டுபோன கேமராவில் பதிவானது. தண்டனை டிரிபிள் எச்சுக்கு. அவருக்கு வரவேண்டிய கிங் ஆஃப் தி ரிங் பட்டம் ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. அன்று ஆஸ்டின் மைக்கைப் பிடித்துப் பேசிய பேச்சிலிருந்து ஒரு புது யுகமே பிறந்தது. கேஃபேப்பை மீறியதற்காக அன்று தண்டனை வாங்கிய அதே ஆள்தான், கதை பிடிக்கவில்லை என்று இப்போது கூட்டத்திடம் திட்டு வாங்குகிறார்.

அடுத்தது 1997 நவம்பர் மான்ட்ரியல். அதை ஒரு முழு வீடியோவில் பேசிவிட்டேன். சுருக்கமாக, சாம்பியன் பிரெட் ஹார்ட் விட்டுக்கொடுக்காமலே, அவர் தோற்றதாக மணி அடிக்கச் சொன்னார் முதலாளி வின்ஸ் மெக்மேன். அதுவரை டிவியில் அவர் பெரும்பாலும் வர்ணனையாளர்தான். அன்றைக்குத்தான் உலகத்துக்கே தெரிந்தது, முடிவு எழுதுகிறவன் இவன் என்று. வேறு யாராவது என்றால் ஒளிந்துகொண்டிருப்பான். இவர் என்ன செய்தார், அந்த நிஜக் கோபத்தையே கதாபாத்திரமாக்கி ஆஸ்டினோடு மோதவிட்டார். கொடுமைக்கார முதலாளியாக அவரே நடித்தார். காசு கொட்டியது. ஆனால் அதன் விலை வேறு. கோபப்பட வேண்டியது எழுதுகிறவன் மேல் என்று கூட்டத்துக்குப் பாடம் எடுத்ததே அவர்தான். கூட்டம் பாடத்தை மறக்கவில்லை.

சீனா கதையையே பாருங்கள். 2006 ஜூன், நியூயார்க் ஹாமர்ஸ்டீன் பால்ரூம். வழக்கம் போலச் சட்டையைக் கழற்றிக் கூட்டத்தில் எறிந்தார். கூட்டம் திருப்பி ரிங்குக்குள் எறிந்தது. மறுபடி எறிந்தார், மறுபடி வந்தது. சீனா ஜெயித்தால் கலவரம் என்று எழுதிய அட்டை வேறு. அவர் கதைப்படி நல்லவர், யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. "இவனைத்தான் நீ ரசிக்க வேண்டும்" என்று மேலேயிருந்து சொன்னதுதான் பிரச்சினை. அதற்கப்புறம் வருடக்கணக்கில் அரங்கில் பாதி பேர் வாழ்க, பாதி பேர் ஒழிக. குழந்தைகள் ஒரு பக்கம், மீசை முளைத்தவர்கள் ஒரு பக்கம்.

2014 ராயல் ரம்பிளில், அதாவது முப்பது பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கடைசியில் நிற்கிறவன் ஜெயிக்கிற மேட்சில், ரசிகர்களுக்குப் பிடித்த டேனியல் பிரையனை உள்ளே விடவில்லை என்று, கடைசி ஆளாக வந்த ரே மிஸ்டீரியோவையே ஊளையிட்டு விரட்டினார்கள். பாவம், ரே என்ன செய்தார்? ஜெயித்த பட்டிஸ்டாவுக்கும் அதே கதி. கம்பெனி இறங்கி வந்தது, வருடத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் பிரையன் சாம்பியன். 2024 ரெஸில்மேனியா பட்டப் போட்டியில் கோடி ரோட்ஸ் இடத்தில், நடிகராகிவிட்ட பழைய சாம்பியன் ராக்கைக் கொண்டுவரப் பார்த்தார்கள், ஒரு வாரம் தாங்கவில்லை. எதிர்ப்பில் கதையையே மாற்றி, ராக்கை வில்லனாக்கி, பிலடெல்பியாவில் கோடி ரோட்ஸை ஜெயிக்க வைத்தார்கள். அதாவது தம்பி, இன்றைய ரசிகன் கத்துவது ஏமாந்ததால் இல்லை. கத்தினால் கதை மாறும் என்று பழகிவிட்டதால். சீனா விஷயத்தில் கத்தியும் மாறவில்லை, அது கடைசி மேட்ச் ஆச்சே, மாற்ற அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை.

எனக்கு இந்தப் புதுக் கூட்டத்தைப் பிடிக்குமா என்றால், பாதி பிடிக்கும். கதையைத் திருத்துகிற கூட்டம் பிடிக்கும். மேட்ச் நடக்கும்போதே பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி "திஸ் இஸ் ஆசம்" என்று மதிப்பெண் போடுகிற கூட்டம் பிடிக்காது. ஆனால் இவர்களும் சில நாள் மாட்டிக்கொள்வார்கள். அண்டர்டேக்கரின் 21 ரெஸில்மேனியா வெற்றிக்குப் பிறகு, 2014-இல் பிராக் லெஸ்னர் அவரைத் தோற்கடித்தபோது நியூ ஆர்லியன்ஸில் அத்தனை பெரிய கூட்டமும் வாயைப் பிளந்து நின்றது. எல்லாம் தெரிந்தவர்கள்தான். புரூனோ கேட்ட அந்த மௌனத்தை அவர்களும் ஒரு நிமிடம் கேட்டார்கள்.

சரி, நான் எப்போதும் சொல்கிறதைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன். முடிவுதான் எழுதியது, விழுவது எழுதியது இல்லை. "பொய்ச்சண்டைதானே" என்பவர்களை ரிங்குக்கு அடியில் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சட்டம், மேலே பலகை, அதன் மேல் மெல்லிய நுரை, அதன் மேல் கேன்வாஸ். அவ்வளவுதான் மெத்தை. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து அறைந்து, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். தலை முந்தினால் போச்சு. இதையே இரவுக்கு இரவு, ஊருக்கு ஊர்.

1998 ஜூன், பிட்ஸ்பர்க். ரிங்கை மூடிய கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் கீழே மேஜை மேல் தள்ளினார். பதினாறு அடி. அது பேசி வைத்தது. பேசி வைத்ததால் வலிக்காமல் போகுமா? அப்புறம் மறுபடியும் மேலே ஏறினார். அங்கே கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் போட்டபோது, கூண்டின் கூரைத் தகடே பிய்த்துக்கொண்டு ரிங்குக்குள் விழுந்தார். கூடவே ஒரு நாற்காலியும் வந்து முகத்தில் விழுந்தது. உடைந்த பல் மூக்குத் துவாரத்தில் மாட்டி நின்றது. கூரை பிய்வது எந்தக் காகிதத்திலும் இல்லை. அப்படியும் மேட்சை முடித்துவிட்டுத்தான் போனார்.

நிஜமாக அடிபட்டால் நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி மாதிரி வைப்பார். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். அந்தக் குறியைப் பார்த்தால் நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். 1999 மே 23, கான்சஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் என்கிற வீரரைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கும்போது கொக்கி கழன்று விழுந்து இறந்துபோனார். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, மீதி மேட்சுகளை நடத்தி முடித்தார்கள்.

எனவே தம்பி, "தெரிந்தும் ஏன் கோபம்" என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இத்தனை கோபப்படுகிற கூட்டம் ஏன் இதற்கு மட்டும் கோபப்படுவதில்லை என்பதை. 1986-இல் ஜெஸ்ஸி வெஞ்சுரா, பின்னாளில் மினசோட்டா கவர்னர் ஆனாரே அவர்தான், வீரர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் வேண்டும் என்று உடைமாற்றும் அறையில் பேசினார். யாரோ முதலாளியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். யார் என்று அப்போது தெரியவில்லை. வேறொரு விஷயமாகக் கம்பெனி மேல் அவர் போட்ட வழக்கில், மெக்மேனே சத்தியப் பிரமாணத்தில் சொன்னார்: ஹல்க் ஹோகன். அந்தச் சங்கம் வரவே இல்லை. இன்றைக்கும் அங்கே ரிங்கில் விழுகிறவர்கள் கம்பெனியின் ஊழியர்கள் இல்லை, சட்டக் கணக்கில் தனி ஒப்பந்தக்காரர்கள். எந்த ஊருக்கு எப்போது போக வேண்டும், யாரிடம் தோற்க வேண்டும் என்று கம்பெனி சொல்லும். ஆனாலும் தனி ஒப்பந்தக்காரர்.

டேனியல் பிரையனுக்காகக் கத்திக் கதையை மாற்றிய கூட்டம் இதற்காக ஒரு வாரம் கத்தினால் என்ன ஆகும்? யாராவது இதைக் கேள்வியாக எழுதி அனுப்புங்கள், தனி வீடியோவே போடுகிறேன். இப்போது அடுத்த சந்தேகம், ஒரு வரியில் முடிகிறது: ஆமாம், 1988-இல் நடந்த முதல் ராயல் ரம்பிளில் முப்பது பேர் இல்லை, இருபது பேர்தான். ஜெயித்தது யார் தெரியுமா? எட்டு மாதம் முன்னால் அயர்ன் ஷேக்கோடு காரில் மாட்டிய அதே ஜிம் டக்கன்.