பந்தியில் எழுந்த மனிதன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எனக்குப் பத்து நிமிடம். வணக்கத்திலேயே இரண்டைக் கரைக்க மனமில்லை.

தலைப்பு, "1951 சில்வர்ஸ்டோன் கார் பந்தயத்தில் வென்றது மனிதனா, எந்திரமா?" மனிதனே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்று ஓர் இடம். போரில் குண்டுவீச்சு விமானங்களுக்கான ஓடுதளம். போர் முடிந்ததும் அதைச் சுற்றிப் போகிற சாலையைப் பந்தயப் பாதை ஆக்கினார்கள். ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது, வைக்கோல் கட்டும் எண்ணெய் பீப்பாயும்தான். உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் 1950 மே 13 அன்று அங்கேதான் நடந்தது. வென்றது ஆல்ஃபா ரோமியோ. அதற்குப் பிறகும் ஆல்ஃபா, ஆல்ஃபா, ஆல்ஃபா. ஐரோப்பாவில் நடந்த ஒன்பது சாம்பியன்ஷிப் பந்தயங்கள், ஒன்பதும் அவர்களுக்கே. பத்தாவது 1951 ஜூலை 14, மறுபடி சில்வர்ஸ்டோன். 90 சுற்று, 418 கிலோமீட்டர். அன்று சிவப்பு ஃபெராரியில் ஒருவர் 2 மணி 42 நிமிடம் 18 விநாடியில் ஓட்டி முடித்தார். ஆல்ஃபாவில் வந்த மாவீரர் ஃபாஞ்சியோ 51 விநாடி பின்னால். ஃபெராரி என்ற பெயருக்குக் கிடைத்த முதல் சாம்பியன்ஷிப் வெற்றி அது. ஓட்டியவர் ஹோசே ஃப்ரோய்லான் கொன்சாலஸ். அர்ஜென்டினாக்காரர், 28 வயது, பருத்த உடம்பு. 'பாம்பாஸ் காளை' என்று செல்லப் பெயர்.

இப்போது எதிரணியின் மூன்றாவது பேச்சாளருக்கு வருகிறேன். அந்தத் தம்பி என்ன சொன்னார்? "நடுவர் அவர்களே, இது ரோட்டில் ஜெயித்த ரேஸ் இல்லை, பெட்ரோல் பங்க்கில் ஜெயித்த ரேஸ்! ஆல்ஃபா ரெண்டு தடவை நின்று குடித்தது, ஃபெராரி ஒரே தடவை குடித்தது, கதை முடிந்தது!" அரங்கம் அதிர்ந்தது. நானும் தட்டினேன். நல்ல அடி. நான் தயாரித்து வந்த மற்றதை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இந்த ஒரு அடிக்கே பதில் சொல்கிறேன்.

முதலில் தம்பியின் கணக்கை நானே முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன், அவர் பாதிதான் போட்டார். அன்றைய விதி இதுதான்: காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்தால் எஞ்சின் ஒன்றரை லிட்டருக்குள் இருக்க வேண்டும், அது இல்லாமல் வந்தால் நாலரை லிட்டர் வரை போகலாம். ஆல்ஃபா 159 முதல் வழி. 1479 சிசி, வரிசையாக எட்டு சிலிண்டர், இரண்டு கட்டமாக அழுத்தும் சூப்பர்சார்ஜர், 420 குதிரைசக்திப் பக்கம். நம் வீட்டு வாசலில் நிற்கிற சின்னக் காரின் எஞ்சின் அளவுதான், சக்தி அதைப்போல நாலு மடங்கு.

அவ்வளவு அழுத்தினால் என்ன ஆகும்? காற்று சூடாகும், பிஸ்டன் உருகும், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை வெடிக்கும். அதற்காகத்தான் மெத்தனால் என்ற ஆல்கஹால் எரிபொருளை ஊற்றினார்கள். மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு எஞ்சினை உள்ளுக்குள்ளேயே குளிர வைக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு ஆறரைப் பங்கே போதும். அதாவது அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் ஊற்றியாக வேண்டும். குளிர்ச்சிக்காக அதற்கும் மேலே ஊற்றினார்கள்.

மைலேஜ்? லிட்டருக்கு அரை கிலோமீட்டர்! இந்த அரங்கத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 418 கிலோமீட்டருக்கு எண்ணூறு லிட்டர் பக்கம். எண்ணூறு லிட்டர் மெத்தனாலின் எடை 630 கிலோ. காரின் எடையே 700 கிலோதான்! யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, இது யானை எடைக்குத் தீனியையும் யானை மேலேயே ஏற்றி ஓடவிடுகிற வேலை. முழுக்க ஏற்றினால் டயர் தேயும், பிரேக் சூடேறிப் பிடிக்காது, தொட்டி காலியாகக் காலியாக ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் நடத்தை மாறும். குறைவாக ஏற்றினால் நிற்க வேண்டும். நின்றால் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் நடு நட்டைச் சுத்தியலால் அடித்துக் கழற்றி, புதுச் சக்கரம் மாட்டி, மறுபடி அடித்து இறுக்கி, அதே நேரம் தொட்டியை நிரப்பி, ஒரு சொட்டும் சூடான புகைக்குழாய் மேல் சிந்தாமல் பார்க்க வேண்டும். மெத்தனால் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சுட்ட பிறகுதான் தெரியும்.

ஃபெராரி 375 இரண்டாவது வழி. லாம்ப்ரெடி வடிவமைத்த நாலரை லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், சூப்பர்சார்ஜர் இல்லை. சக்தி ஆல்ஃபாவைவிடக் குறைவு, தாகமும் வெகுவாகக் குறைவு. ஆகவே தம்பி, உங்கள் கணக்கு சரி. விடைதான் தப்பு.

ஏன் தப்பு? இந்தப் பந்தயத்துக்குப் பதின்மூன்று நாள் முன்பு, ஜூலை 1, பிரான்சில் ரெய்ம்ஸ். தூரம் 600 கிலோமீட்டர். அதே ஆல்ஃபா, அதே ஃபெராரி, அதே மைலேஜ். தூரம் கூடக் கூட தாகம் எடுக்காத வண்டிக்குத்தானே லாபம்? அங்கே ஜெயித்தது யார்? ஆல்ஃபா! பங்க்தான் ஜெயிக்க வைக்கிறது என்றால் ரெய்ம்ஸில் அந்தப் பங்க் விடுமுறையா தம்பி?

சில்வர்ஸ்டோன் தகுதிச் சுற்றைப் பாருங்கள். அங்கே ஒரே ஒரு சுற்றின் வேகம்தான் கணக்கு, பங்க்குக்கு வேலையே இல்லை. கொன்சாலஸ் 1 நிமிடம் 43.4 விநாடி, ஃபாஞ்சியோ 1 நிமிடம் 44.4. ஒரு முழு விநாடி! சாம்பியன்ஷிப்பில் ஆல்ஃபா அல்லாத கார் ஐரோப்பாவில் முதலிடத்தில் நின்று புறப்பட்டது அதுவே முதல் தடவை. மணிக்கு 100 மைல் சராசரியைத் தாண்டிய சுற்று அது.

பந்தயத்துக்குள் வாருங்கள். பத்தாவது சுற்றில் ஃபாஞ்சியோ கொன்சாலஸைத் தாண்டிப் போகிறார். காளை விடவில்லை. துரத்தி, 39ஆவது சுற்றில் தாண்டுகிறது. கவனியுங்கள், ஃபாஞ்சியோ எரிபொருளுக்கு நின்றது அதற்குப் பிறகு! ஓடிக்கொண்டிருந்த ஆல்ஃபாவை, ஓடுகிற ரோட்டில், உலகின் தலைசிறந்த ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது தாண்டினார்.

இன்னொன்று. அன்று ஃபெராரி அணி அனுப்பிய வண்டி மூன்று. அஸ்காரிக்கும் வில்லோரெசிக்கும் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், மொத்தம் 24 பிளக் போட்ட புது எஞ்சின். கடைசியாக வந்து சேர்ந்த கொன்சாலஸுக்குக் கொடுத்தது 12 பிளக் போட்ட பழைய எஞ்சின். அஸ்காரியின் வண்டி 56ஆவது சுற்றில் கியர்பாக்ஸ் போய் நின்றது. வில்லோரெசி மூன்றாவது வந்தார், இரண்டு சுற்று பின்னால்! எந்திரம்தான் ஜெயிக்கும் என்றால் நல்ல எஞ்சின் ஜெயித்திருக்க வேண்டாமா?

பங்க் விஷயம் போதும். நான் சொல்ல ஆசைப்பட்டு வந்தது வேறு. மறுபடி ரெய்ம்ஸுக்கு வாருங்கள்.

அன்றைய விதியில் ஒரு விசித்திரம். பாதிப் பந்தயத்தில் ஒருவர் வண்டியை இன்னொருவர் வாங்கி ஓட்டலாம், புள்ளியை இருவருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்டு, சாதம் விழுந்து, சாம்பாரும் ஊற்றி, முதல் கவளம் வாய்க்குப் போகும்போது, "கொஞ்சம் எழுந்திருங்க, பெரியவர் வந்திருக்கார்" என்றால் எப்படி இருக்கும்? ரெய்ம்ஸில் அன்று இரண்டு பேரை அப்படி எழுப்பினார்கள்.

ஒருவர் ஆல்ஃபாவின் ஃபாஜியோலி, வயது 53. ஃபாஞ்சியோவின் வண்டி கோளாறாக, இவரை இறக்கிவிட்டு இவர் வண்டியில் ஃபாஞ்சியோ ஏறி ஜெயித்தார். ஃபாஜியோலி பெயரும் வெற்றிப் பட்டியலில் ஏறியது. வயதில் மூத்த வெற்றியாளர் என்ற பெருமை இன்றுவரை அவருக்குத்தான். ஆனால் மனிதர் மனம் உடைந்தார், அதன் பிறகு சாம்பியன்ஷிப் பந்தயத்தில் வண்டியைத் தொடவே இல்லை. பந்தியில் எழுப்பினால் வலிக்கும் அய்யா, பாயசம் வீட்டுக்கு அனுப்பி வைத்தாலும் வலிக்கும்.

எழுப்பப்பட்ட இன்னொருவர் யார்? நம் கொன்சாலஸ்! ஃபெராரியின் சொந்த அணியில் அவருக்கு அதுதான் முதல் சாம்பியன்ஷிப் பந்தயம். அணியின் முதல் ஓட்டுநர் அஸ்காரியின் கியர்பாக்ஸ் போனது. "இறங்கு." இறங்கினார். அஸ்காரி ஏறி ஓட்டி இரண்டாவது வந்தார். ஆறு புள்ளி, ஆளுக்கு மூன்று.

பதின்மூன்று நாள் கழித்து சில்வர்ஸ்டோன். மறுபடி அஸ்காரி, மறுபடி கியர்பாக்ஸ். அறுபது சுற்று தாண்டி, ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னிலையோடு, கொன்சாலஸ் எரிபொருளுக்காக ஓரத்தில் தன் அணி நிற்கும் இடத்துக்குள் நுழைகிறார். நிறுத்துகிறார். நிமிர்ந்து பார்த்தால் அங்கே நிற்பது அஸ்காரி.

நடுவர் அவர்களே, கொஞ்சம் அந்த வண்டியிலேயே உட்கார்ந்து பாருங்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட்டிய சூடு உடம்பில். முதலிடம். பின்னால் வருவது ஃபாஞ்சியோ. ஒவ்வொரு விநாடியும் தங்கம். அந்த மனிதர் என்ன செய்தார்? யாரும் கேட்கவில்லை. யாரும் "எழுந்திரு" என்று சொல்லவில்லை. தானே இருக்கையை விட்டு எழுந்தார். "நீங்கள் ஓட்டுங்கள்" என்று அஸ்காரிக்கு வண்டியைக் கொடுக்க எழுந்தார்! ரெய்ம்ஸில் எழுப்பினார்கள், இங்கே எழுந்தார். பாயசம் இலையில் விழுந்துகொண்டிருக்கும்போது எழுந்தார்.

இப்போது அந்தப் பக்கம் நின்று பாருங்கள், அஸ்காரியின் பக்கம். முந்தின நாள்தான் அவருக்கு 33 வயது முடிந்தது. சாம்பியன்ஷிப்பில் அதுவரை ஒரு வெற்றிகூட இல்லை. ஏறி உட்கார்ந்தால் முதல் வெற்றி. விதி அனுமதிக்கிறது, அணி எதிர்பார்க்கலாம், வண்டிக்காரரே எழுந்துவிட்டார். அவர் தந்தை அன்டோனியோ அஸ்காரியும் பந்தயக்காரர். 1925இல் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில் முன்னிலையில் போய்க்கொண்டிருந்தபோது விபத்தில் இறந்தார். மகனுக்கு அப்போது ஏழு வயது. தந்தை ஓட்டியது எந்த வண்டி? ஆல்ஃபா ரோமியோ. அந்த ஆல்ஃபாவை சாம்பியன்ஷிப்பில் முதன்முதலாகத் தோற்கடிக்கும் வண்டி, காலியான இருக்கையோடு, மகன் முன்னால் நிற்கிறது!

அஸ்காரி கையை நீட்டினார். கொன்சாலஸின் தோளில் வைத்தார். உட்கார வைத்தார். "போ."

எதிரணி நண்பர்களே, அந்தக் கை எத்தனை குதிரைசக்தி? அதில் எத்தனை பிளக்? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?

ஒன்றே ஒன்று சொல்லி இறங்குகிறேன். ஃபெராரி அணியின் முதலாளி என்ட்சோ ஃபெராரி அன்று பந்தயத்துக்கு வரவில்லை, இத்தாலியில் இருந்தார். அவர் இளமையில் ஆல்ஃபாவுக்காக வண்டி ஓட்டியவர், பிறகு பத்து வருடம் ஆல்ஃபாவின் பந்தய அணியை நடத்தியவர். அன்று தோற்றதே அந்த ஆல்ஃபா, அதன் மூல வண்டியைக் கொலம்போ என்ற பொறியாளர் வடிவமைத்து 1937இல் உருவாக்கியது மொடேனாவில், ஃபெராரியின் சொந்தப் பட்டறையில். வெற்றிச் செய்தி வந்தது. வாழ்நாள் கனவு. மனிதர் அழுதார். பிற்பாடு அவரே எழுதினார், அந்த ஆனந்தக் கண்ணீரில் துயரமும் கலந்திருந்தது, இன்று என் தாயைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன் என்று.

ஜெயித்த அன்று தோற்றவளுக்காக அழுத ஒரு மகன். எழுந்து நின்ற ஒருவர். அவர் தோளை அழுத்தி உட்கார வைத்த ஒரு கை. கொன்சாலஸ் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தார், இன்னும் முப்பது சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, பின்னால் அவர் நாட்டுக்காரர் ஃபாஞ்சியோ வந்துகொண்டிருந்தார். தீர்ப்பு உங்கள் கையில், அய்யா. நன்றி, வணக்கம்.