தொலைந்ததா, பறித்தார்களா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, வழக்கறிஞர் சங்கத் தோழர்களே, டியூட்டி முடிந்து சீருடையோடு அப்படியே வந்துவிட்ட உதவி ஆய்வாளர் அவர்களே, மைக் செட்டோடு மல்லுக்கட்டிய நூலகத் தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க. பட்டியலைச் செயலாளர் மேடை ஏறியபிறகுதான் கையில் கொடுத்தார்.

திருட்டு, பறிப்பு, மிரட்டிப் பணம் பறித்தல், கொள்ளை, நம்பிக்கை மோசடி. இந்த ஐந்தையும் பார்ப்போம். 'காப்பான் பெரியவனா, கள்ளன் பெரியவனா' என்று பெரியவர்கள் கேட்டு வைத்தார்களே, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதில் 303ஆம் பிரிவு திருட்டு. ஒருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தினாலே போதும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒருவன் பையில் தீனி வைத்துக்கொண்டு நடக்கிறான், அடுத்தவர் நாய் பின்னாலேயே வருகிறது. நாயை அபகரிக்கும் எண்ணம் அவனுக்கு இருந்தால், அது பின்தொடர ஆரம்பித்த நொடியிலேயே திருட்டு முடிந்துவிட்டது! நீங்கள் அடகு வைத்த உங்கள் சொந்தக் கடிகாரத்தைக் கடனைக் கட்டாமல் நைசாக எடுத்து வந்தாலும் திருட்டுதான்.

அடுத்து 304, பறிப்பு. சட்டென்று பிடுங்கிக்கொண்டு ஓடுவது. பழைய தண்டனைச் சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. இப்போது மூன்றாண்டு வரை சிறை, அபராதம் உண்டு. இந்த இடத்தில் என் அத்தை கதையைச் சொல்லியாக வேண்டும்.

அத்தை பஸ் ஸ்டாப்பில் நின்று மகளோடு போன் பேசிக்கொண்டிருந்தார். பைக்கில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் போனைப் பிடுங்கினான், அத்தை கீழே விழுந்தார். முழங்கை சிராய்ப்போடு நேரே காவல் நிலையம் போனார். (எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். நம் உதவி ஆய்வாளருடையது இல்லை, அவர் தாராளமாகச் சிரிக்கலாம்.) அங்கிருந்தவர் வெள்ளைத் தாளை நீட்டி, "போன் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்கம்மா" என்றார்.

"நான் தொலைக்கலையே தம்பி, அவன்ல பிடுங்கிட்டுப் போனான்?"

"வண்டி நம்பர் பார்த்தீங்களா?"

"நம்பர் பாக்குற நேரத்துல நான் விழுந்துகிட்டு இருந்தேனே!"

அவர் விடவில்லை. அத்தையும் விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முழங்கையைத் துடைத்துக்கொண்டே, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சம்பவத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த பையன்கூட முழுக்கதையும் கேட்டான். சாயங்காலம் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. "இது எஃப்.ஐ.ஆரா?" என்று கேட்டார். பதில் இல்லை.

அது எஃப்.ஐ.ஆர். இல்லைதான். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, போட்டால்தான் அது வழக்கு. பறித்ததைத் 'தொலைந்தது' என்று எழுதிவிட்டால் குற்றமும் இல்லை, குற்றவாளியும் இல்லை, தேட வேண்டியவரும் இல்லை. காப்பான் பெரியவனா, கள்ளன் பெரியவனா? காகிதத்தில் கள்ளனே இல்லையே ஐயா, எப்படி அளப்பது!

கொள்ளையைப் பற்றி ஒரு வரி: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அது 310ஆம் பிரிவின் கூட்டுக்கொள்ளை, ஆயுள் தண்டனை வரை போகும். மற்ற இரண்டும் பாக்கி இருக்கின்றன. ஆனால் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார்.

ஆகவே நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனே, இலவசமாகத் தரப்பட வேண்டும். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதை ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் பெரிய எழுத்தில், தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. காப்பான் பெரியவனா, கள்ளன் பெரியவனா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் போர்டு வரட்டும்.

மனுப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு வார்டு எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள், போன தடவை அது இல்லாமல் பாதிப் படிவம் திரும்பி வந்துவிட்டது. நன்றி, வணக்கம்.