அம்மாவின் தலைசுற்றலும் காதுக்குள் உருண்ட கல்லும்

வணக்கம் மக்களே. போன வாரம் ஏன் வீடியோ வரவில்லை என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இப்போது நன்றாக இருக்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விடிகாலை ஐந்து மணி. கட்டிலில் புரண்டு படுத்தவர், வீடே சுற்றுகிறது என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடம்கூட இருக்காது, நின்றுவிட்டது. மறுபடி புரண்டால் மறுபடி சுற்றல். வாந்தி வேறு. பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகத் தலைக்கு ஸ்கேன். 4,200 ரூபாய். ஃபைலுக்கு 150. படத்தைச் சிடியில் போட்டுத் தர 200. சிடி வேண்டாம் என்றேன், எல்லோருக்கும் போடுவதுதான் என்றார்கள். அந்த 200 ரூபாய் இன்னும் எனக்கு ஆறவில்லை. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. கொடுத்த மாத்திரையில் அம்மா பகலெல்லாம் தூங்கினார், சுற்றல் மட்டும் அப்படியே இருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, கை கால் மரத்துப்போனாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஸ்கேன் எடுத்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்கவில்லையே, அதுதான்.

ஆறாவது நாள் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். ஃபீஸ் 400. அவர் முதலில் கேட்டதே, "எந்தப் பக்கம் திரும்பினால் அம்மா சுத்துது?" அப்புறம் அம்மாவை உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்குகிறது. இரண்டு மூன்று வினாடி ஒன்றும் இல்லை. பிறகு அம்மாவின் கருவிழிகள் தாமாகவே துடிக்க ஆரம்பித்தன. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், உடம்பு சிலிர்த்துவிட்டது.

சொல்ல மறந்துவிட்டேன், டாக்டர் தலையைத் திருப்பியது வலது பக்கம். அது முக்கியம், ஏனென்றால் கோளாறு வலது காதில்.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கி, அங்கே இருக்கும் மெல்லிய உணர்முடிகளைச் சாய்க்கும். பக்கத்திலேயே ஒரு பை, அதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்வது அவை. அந்தத் துகள் பெயர்ந்து குழாய்க்குள் விழுந்துவிட்டால், படுக்கும்போது உருண்டு திரவத்தைத் தள்ளும். தலை சுழல்கிறது என்று காது சொல்லும், இல்லை என்று கண் சொல்லும். இரண்டும் முரண்பட்டால் வாந்தி வராமல் என்ன செய்யும்?

கண் ஏன் துடிக்கிறது என்பதை இப்போதே செய்து பாருங்கள். உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் வைத்து, தலையை இடம் வலமாக வேகமாக ஆட்டுங்கள். ரேகை தெளிவாகத் தெரியும். இப்போது தலையை நிறுத்திக் கையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். கலங்கிவிடும். தலை அசைவதைக் காது சொன்ன மறுகணமே கண் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. அம்மாவின் காது தவறாகச் சொன்னதை நம்பித்தான் அவர் கண்ணும் துடித்தது. எனக்கு இதைவிட அழகான விஷயம் உடம்பில் வேறு கிடையாது.

டாக்டர் அம்மாவின் தலையை நான்கு நிலைகளில் மெதுவாகத் திருப்பினார். துகள் வந்த வழியே உருண்டு மறுபடி பைக்குள் போய்விடும். ஜான் எப்லி என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்த முறை, 1992-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஐந்து நிமிடம்! எந்தக் காது என்று தெரியாமல் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

இன்னொன்று. அந்த ஆறு நாளும் அம்மா ராத்திரி பாத்ரூம் போகும்போது ஒரே விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். விரல் நுனி எப்படி எடையைத் தாங்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். தாங்குவதற்கு இல்லையாம், தகவலுக்காம். நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடம்பு முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும், கெண்டைக்கால் தசை விடாமல் இழுத்துச் சரிசெய்யும். காது, கண், பாதமும் மூட்டுகளும், இந்த மூன்றின் செய்தியையும் வைத்துத்தான் மூளை அதைச் செய்கிறது. இருட்டில் கண் போய்விட்டது, காதும் குழப்புகிறது. அதனால் பாதத்துக்குத் துணையாக விரல். அதனால்தான் மெத்துமெத்தென்ற செருப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, தரை எங்கே என்று பாதத்துக்கே தெரியாது. அம்மாவின் செருப்பை மாற்றிவிட்டேன். பாத்ரூம் வழியில் 90 ரூபாய்க்கு ஒரு ராத்திரி விளக்கும் மாட்டினேன்.

அண்ணாந்து பார்த்தாலும் சுற்றியதால் இத்தனை நாள் பரண் பக்கமே அம்மா போகவில்லை. இன்று காலை அவரே எட்டி முறுக்கு அச்சை எடுத்துவிட்டார், நான் பின்னால் நின்றுகொண்டேன். சனிக்கிழமை முறுக்கு வீடியோ வரும்.