ரோனோக்கில் ராத்திரி ரயில்கள்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் என்று ஒரு ரயில்வே ஊர். அங்கே பழைய பயணிகள் ஸ்டேஷன் கட்டடத்தில், ஓ. வின்ஸ்டன் லிங்க் எடுத்த நீராவி ரயில் படங்களுக்கென்றே 2004 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. லிங்க் நியூயார்க்கில் விளம்பரப் படம் எடுத்தவர். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயில் நீராவியின் கடைசி வருஷங்களை, 1955 முதல் 1960 வரை, சொந்தச் செலவில் வந்து வந்து படமெடுத்தார்.

அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். பகலில் சூரியன் இருக்கிற இடத்தை நாம் மாற்ற முடியாது. இருட்டில் விளக்கை வேண்டிய இடத்தில் வைக்கலாம். ஆனால் கறுப்பு எஞ்சின் வெளிச்சத்தை விழுங்கிவிடும், ஒரு விளக்கு எந்த மூலைக்கும் காணாது. 1956 ஆகஸ்டில் யேகர் என்ற ஊரில், காரில் உட்கார்ந்தே சினிமா பார்க்கும் தியேட்டரை ஒட்டி ரயில் பாயும் படத்துக்கு 43 பிளாஷ் பல்புகள்!

இந்த ஒயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். கல்யாண வீட்டு சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் சரம் முழுக்க அணைந்துவிடும், பார்த்திருப்பீர்கள். லிங்க்கின் பல்புகளும் அப்படித் தொடராகக் கோத்தவைதான். எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்சாரம் ஓடும். நீளமான கம்பியின் கடைசிப் பல்புக்கும் குறையாது. ஒரு பிளாஷ் பல்பு ஒரு தடவைதான் எரியும். தனித்தனி இணைப்பாக இருந்தால் ஒன்று ஏமாற்றினாலும் மற்றவை எரிந்து தீர்ந்துவிடும், படமும் அரைகுறை. தொடரில் ஒன்று தவறினால் எதுவும் எரியாது. பல்புகள் மிச்சம், ஆனால் ரயில் போய்விடும். ஆமாம், ஒரே ஒரு இணைப்பு தளர்ந்திருந்தாலும் போதும், ரயில் போய்விடும்.

அந்தத் தியேட்டர் படத்தில் திரையில் தெரியும் விமானத்தைக் கவனியுங்கள். பிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போனதால், அதை வேறொரு நெகட்டிவிலிருந்து பிறகு சேர்த்தார்கள். எஞ்சினுக்கு மேலே போகும் வெள்ளை நீராவியையும் பாருங்கள். கரும்புகையாக இருந்தால் ராத்திரி வானத்தில் தெரியவே தெரியாது.

நேரம் நெருங்கிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். அதே ஊரில், நடக்கும் தூரத்தில், வர்ஜீனியா போக்குவரத்து அருங்காட்சியகம். அங்கே 1943இல் கட்டிய 1218, 1950இல் கட்டிய 611 என்ற எண்களுள்ள நீராவி எஞ்சின்கள், இரண்டும் ரோனோக் பட்டறையிலேயே பிறந்தவை. அந்தந்த வகையில் மிஞ்சியது இந்த ஒன்றொன்றுதான். 611இன் இயக்கு சக்கரம் 70 அங்குல விட்டம். பக்கத்தில் நின்று பாருங்கள். அது சில சமயம் சுற்றுலா ரயில் இழுக்க வெளியூர் போய்விடும், அதனால் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வணக்கம்.