யூரியா போட்டும் கோதுமை ஏன் எழும்பவில்லை? வேரைத் தோண்டிப் பார்ப்போம்

வணக்கம் நண்பர்களே. இப்போது நான் நிற்பது பஞ்சாபில், லூதியானா பக்கத்தில் ஒரு கோதுமை வயல். விதைத்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். நடுவயலில் பயிர் தளதளவென்று நிற்கிறது. இந்த ஓரத்தில், டிராக்டர் வந்து திரும்புகிற இடத்தில் மட்டும் குட்டையாக, தூர் கட்டாமல், வெளிறிப்போய் இருக்கிறது. ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே உரம், ஒரே தண்ணீர். இப்படி ஒரு பயிரைப் பார்த்ததும் கை நேராக யூரியா மூட்டைக்குத்தான் போகும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், முதலில் மண்வெட்டியை எடுங்கள் என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

சரி, வயல்காரரிடம் கேட்டுவிட்டு இரண்டு இடத்திலும் தோண்டியிருக்கிறேன். இது நடுவயல் செடி. வேர் நேராகக் கீழே போகிறது, கூடவே பொலபொலவென்று மண் உதிர்கிறது. இப்போது இதைப் பாருங்கள், ஓரத்துச் செடி. ஒரு சாண் கூட இறங்கவில்லை, அதற்குள் வேர் அப்படியே மடங்கிப் பக்கவாட்டில் ஓடுகிறது. நுனி தடித்து, மொத்தையாக, கோணல்மாணலாக இருக்கிறது. பக்க வேர்கள் எல்லாம் மேல்மண்ணிலேயே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அந்த மண்கட்டியையும் காட்டுகிறேன். உடைத்தால் உதிராமல் தட்டையான பாளம் பாளமாகப் பிரிகிறது, ஒரு துளை கிடையாது, மண்புழு போன தடம் கூட இல்லை. இதுதான் இறுகிய அடுக்கு.

இது எங்கிருந்து வந்தது? இந்த வயலில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை நெல். நெல்லுக்குச் சேற்றுழவு அடிக்கிறார்கள், தண்ணீர் கீழே இறங்காமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே மண்ணைக் குழப்பி, அதன் கட்டமைப்பைக் கலைத்து, அடியில் ஒரு தளத்தை உருவாக்குகிறார்கள். நெல்லுக்கு அது தேவை. ஆனால் அறுவடை முடிந்து சில வாரத்திலேயே, நவம்பரில், அதே மண்ணில் கோதுமை விதைக்கிறோம். நெல்லுக்காக நாம் வேண்டுமென்றே கட்டிய தளம் கோதுமைக்குத் தடையாக நிற்கிறது. அதன் மேல் பல டன் எடையுள்ள அறுவடை இயந்திரம் ஈர மண்ணில் ஓடுகிறது, நெல் ஏற்றிய டிரெய்லர் ஓடுகிறது, மண்ணைப் பொடியாக்கும் சுழல்கலப்பையான ரோட்டவேட்டர் வருடாவருடம் ஒரே ஆழத்தில் ஓடுகிறது. மேலே நாலைந்து விரல் ஆழம் பொடிமண், பார்க்க அழகாக இருக்கும், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பொதுவாக 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இந்த அடுக்கு உட்கார்ந்திருக்கும். நல்ல மண்ணில் கோதுமை வேர் ஒரு மீட்டருக்கு மேலேயே இறங்கக்கூடியது என்பதை நினைத்துப் பார்த்தால் இழப்பு எவ்வளவு என்று புரியும்.

மண்ணின் கடினத்தை அளக்க பெனட்ரோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது, கூம்பு நுனி வைத்த ஒரு கம்பி, அதை மண்ணுக்குள் அழுத்தும்போது எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்று காட்டும். சுமார் 2 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோ அழுத்தம், அதைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் மிகவும் திணறும் என்று மண்ணியலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். விரிசலோ பழைய வேர் மக்கிய துளையோ இருந்தால் வேர் அதன் வழியாகத் தப்பித்து இறங்கிவிடும். மண்புழுத் தடம் இல்லை என்று கொஞ்சம் முன்னால் வருத்தப்பட்டது இதனால்தான்.

இனி சொல்லப்போவதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். வேர் ஆழமாகப் போகவில்லை, அதனால் தண்ணீரும் சத்தும் கிடைக்கவில்லை, அதனால் இலை வளரவில்லை, நாம் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம் இல்லையா? அது பிற்பாடு நடப்பது, உண்மைதான். ஆனால் 1987-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஜோசெட் மாசில், ஜான் பசியூரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இளம் கோதுமைச் செடிகளை வெவ்வேறு கடினத்தில் இருந்த மண்ணில் வளர்த்துப் பார்த்தார்கள். கடினமான மண்ணில் இலைப் பரப்பு குறைந்தது, எடை குறைந்தது, அதிலும் வேரைவிட மேலே இருக்கும் பாகம் அதிகமாகக் குறைந்தது. அதுவும் முதல் இலை வெளியே வந்த கட்டத்திலேயே! அந்த வயதில் செடி இன்னும் விதைக்குள் இருக்கும் சேமிப்பில்தான் பாதி வாழ்கிறது, பட்டினி என்று சொல்ல முடியாது. மண் காய்ந்து கடினமானாலும் சரி, அழுத்தி இறுக்கிக் கடினமானாலும் சரி, விளைவு ஒரே மாதிரி இருந்தது. அதனால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்றால், கடினத்தை உணர்ந்த வேர் மேலே ஏதோ ஒரு ஹார்மோன் செய்தி அனுப்புகிறது, அதைக் கேட்டு இலை தன் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது என்றார்கள். அதாவது செடி சத்துக்காகக் காத்திருக்கவில்லை. கீழே நிலைமை சரியில்லை என்று தெரிந்ததும் முன்கூட்டியே அடக்கி வாசிக்கிறது. இப்படி இருக்கும் செடிக்கு மேலே யூரியாவைக் கொட்டினால் என்ன ஆகும்? கொஞ்சம் பச்சை ஏறலாம், ஆனால் மூல காரணம் அப்படியே கிடக்கும், காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம் 2021-இல் இன்னொரு முக்கியமான ஆய்வு வந்தது, நெல்லிலும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலும் செய்தது. வேர் எப்போதும் எத்திலீன் என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். தளர்வான மண்ணில் அது துளைகள் வழியாக வெளியேறிவிடும். இறுகிய மண்ணில் துளை இல்லை, வாயு வேர் நுனியைச் சுற்றியே தேங்குகிறது, வேர் நீள்வதை நிறுத்திவிட்டு பருக்க ஆரம்பிக்கிறது. எத்திலீனை உணராத செடிகளை அதே மண்ணில் வைத்தால் அவற்றின் வேர் இறங்கிப் போகிறது! வேரால் துளைக்கவே முடியாது என்பதைவிட, வேர் தானாகவே நின்றுவிடுகிறது என்பதுதான் பெரிய விஷயம். கோதுமையிலும் இதே கதைதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இங்கே கையில் இருக்கும் இந்தத் தடித்த நுனியைப் பார்க்கும்போது அந்த ஆய்வுதான் ஞாபகம் வருகிறது.

வயலுக்குத் திரும்புவோம். கோதுமைக்கு விதைத்து சுமார் 21 நாளில் முதல் தண்ணீர், தண்டின் அடியிலிருந்து புது வேர்கள் கிளம்பும் சமயம் அது. இறுகிய மண்ணில் அந்தத் தண்ணீர் இறங்காமல் தேங்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, நாலைந்து நாளில் பயிர் மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்ததும் மறுபடியும் யூரியா. அடுத்து மார்ச். 2022 மார்ச்சில் வட இந்தியாவில் வெயில் சீக்கிரமே ஏறி, பல இடங்களில் மணி சுருங்கிப்போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி வருடத்தில் ஆழத்து ஈரத்தைத் தொட முடியாத செடிதான் முதலில் அடிபடும்.

சரி, என்ன செய்வது? உளிக்கலப்பை, அதாவது மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் கலப்பை, அதைப் போட்டு அந்த அடுக்கை உடைக்கலாம். ஆனால் மண் காய்ந்திருக்கும்போதுதான் போட வேண்டும், ஏப்ரலில் கோதுமை அறுத்த பிறகு கிடைக்கும் இடைவெளி அதற்குச் சரியான நேரம். ஈரத்தில் போட்டால் உடையாது, உளி போன கோட்டில் வழவழவென்று ஒரு சுவர் உருவாகும், டீசல்தான் வீண். எல்லா வயலுக்கும் இது வேண்டும் என்றும் இல்லை. பாசனம் செய்து இரண்டு மூன்று நாள் கழித்து, மண் பதமாக இருக்கும்போது, அடியில் இறுகிய அடுக்கு இருக்கிறதா என்று ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். காய்ந்த மண்ணில் குத்தினால் எல்லா மண்ணும் கடினமாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

வயல்காரர் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி. உடைத்துவிட்டால் ஜூனில் மறுபடியும் சேறு அடிக்கத்தானே போகிறேன், திரும்ப இறுகிவிடாதா? இறுகும். அதனால்தான் நெல்லைச் சேறடிக்காமல் நேரடியாக விதைப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காக 2022-இல் பஞ்சாப் அரசு இதற்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது, ஆனால் கோதுமை வேருக்கும் அதில் நன்மை இருக்கிறது. களை அதிகம் வரும், முதல் வருடம் பயமாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். முழு வயலிலும் வேண்டாம், ஒரு ஏக்கரில் செய்து பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். அறுவடை இயந்திரத்தையும் டிரெய்லரையும் வயல் முழுக்க அலையவிடாமல் ஒரே தடத்தில் ஓட்டச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன், அதற்குச் செலவே கிடையாது.

உங்கள் வயலில் பயிர் இப்படித் திட்டுத்திட்டாக இருந்தால், நல்ல இடத்தில் ஒரு செடி, மோசமான இடத்தில் ஒரு செடி, வேரோடு மண்ணையும் சேர்த்துத் தோண்டி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வேரை மட்டும் பிடுங்கி அனுப்பாதீர்கள், மண் பாளம்தான் முக்கியம்.