மலை ஏறும் முன்பே திரும்பும் நேரம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளைக் காட்டு முகாம்களுக்கு அழைத்துச் செல்வது என் வேலை. புறப்படுவதற்கு முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பாம்பு இருக்குமா?" இருக்கும். ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது பாம்பு அல்ல. தண்ணீரும் தீயும்தான்.

ஒரு முறை பொதிகை மலையடிவாரத்தில் 28 பிள்ளைகள் ஓடையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். எங்களோடு வந்த காணி இனத்துப் பெரியவர் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வரத் தொடங்கின. தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. "ஐயா, பிள்ளைகளை மேலே ஏற்றிவிடுங்கள்" என்றார், குரலை உயர்த்தாமல். ஏற்றினோம். கால் மணி நேரத்துக்குள் அவர்கள் துணி வைத்திருந்த பாறை கண்ணில் படவில்லை. எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லை. மழை மேல்மலையில் பெய்திருந்தது.

2008 ஏப்ரல் 15 அன்று நியூசிலாந்தில் மங்காடெபோபோ என்ற ஓடையின் குறுகிய மலையிடுக்கில் 10 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் ஒரு பயிற்றுநரும் இறங்கினார்கள். கனமழைக்கான முன்னறிவிப்பு இருந்தது. ஓடை பெருகியதும் பாறைத் திட்டில் ஒதுங்கினார்கள். அங்கும் தண்ணீர் ஏறியது. வேறு வழியின்றி வெள்ளத்தில் இறங்கினார்கள். 6 மாணவர்களும் அந்த ஆசிரியரும் இறந்துபோனார்கள். வெளிப்புறக் கல்விக்குப் பெயர்பெற்ற மையம் நடத்திய பயிற்சி அது. அந்தத் திட்டில் நின்றபோது அவர்களுக்கு நல்ல வழி எதுவும் மிச்சமில்லை. நல்ல வழி காலையில், ஓடையில் கால் வைப்பதற்கு முன்னால் இருந்தது.

நம் குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11. காய்ந்த புல் மூடிய சரிவில் தீ. மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஓடி அதை வெல்ல முடியாது. கோடையில் காய்ந்த புல்மேட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாமல் இருப்பதே அதற்குரிய பாதுகாப்பு. அந்த மாதங்களில் வனத்துறை பாதைகளை மூடும்போது சலித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே எங்கள் முகாமில் திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே தாளில் எழுதிவிடுகிறோம். பிற்பகல் 1 மணி என்றால் 1 மணி. அருவி நூறு அடியில் தெரிந்தாலும் திரும்புவோம். மேலே போனபின் யோசித்தால், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற எண்ணம் எவரையும் இழுத்துவிடும். பணம் கட்டிய பெற்றோர், ஆசையோடு நிற்கும் பிள்ளைகள், படம் எடுக்கக் காத்திருக்கும் ஆசிரியர் என்று எல்லோரும் சேர்ந்து தலைவரை நெருக்குவார்கள். அதனால் "திரும்பலாம்" என்று சொல்லும் உரிமையை உள்ளூர் வழிகாட்டிக்கும் கொடுத்திருக்கிறோம். அவர் சொன்னால் காரணம் கேட்பது முகாமுக்கு வந்து சேர்ந்த பிறகுதான்.

இப்படி முடிவெடுக்க எங்களுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். அது பெற்றோரிடம் இருக்கிறது. படிவத்தில் உடல்நிலை என்ற இடத்தில் எல்லோரும் "நலம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஓர் ஏற்றத்தின் பாதியில் ஒரு சிறுமிக்கு இழுப்பு வந்தது. உதடு வெளிறி, தோள் ஏறி இறங்க, பேச முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்ஹேலர் கீழே பஸ்ஸில் இருந்த பையில். உடன் வந்தவர் ஓடி எடுத்துவந்த இருபது நிமிடங்களை நான் மறக்கவில்லை. ஆஸ்துமா என்று எழுதினால் மகளை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று அந்தத் தாய் பயந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கேட்ட விதம் சரியில்லை.

இப்போது அந்த இடத்தில் வேறு கேள்வி இருக்கிறது: "உங்கள் பிள்ளைக்காக இரவில் எதற்கெல்லாம் எழுந்திருக்கிறீர்கள்?" இழுப்பு, வலிப்பு, தூக்கத்தில் நடப்பது என்று பக்கம் நிறைய எழுதிக் கொடுக்கிறார்கள். இன்ஹேலர் தேவைப்படும் பிள்ளைகளிடம் இரண்டாகக் கேட்டு வாங்குகிறோம். ஒன்று பிள்ளையின் சட்டைப்பையில், மற்றொன்று என் தோள்பையில்.

வணக்கம்.