வாய்க்காலைத் தாண்டாத கேபிள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி வட்டாரங்களில், ரோட்டோரக் கேபிள் குழிகளுக்குப் பக்கத்தில் நின்றே கழிந்தது. கிராமத்துக்கு இன்டர்நெட் என்றாலே வேகம் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் பேச வந்தது அதற்கு முந்தின சங்கதி. கேபிள் போகிற நிலம் யாருடையது? அந்த நிலத்துக்குப் பொறுப்பானவர் "சரி, தோண்டிக்கொள்ளுங்கள்" என்று எப்போது எழுதித் தருவார்? ஒரு ஊருக்கு இணைப்பு இந்த வருஷம் வருமா, இன்னும் மூன்று வருஷம் கழித்து வருமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இதுதான்.

உங்கள் ஊரையே மனசில் ஓட்டிப் பாருங்கள். மெயின் ரோட்டிலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை ஒரு கேபிள் வர வேண்டும். முதலில் மாநில நெடுஞ்சாலை. பிறகு ஒன்றியச் சாலை. நடுவில் ஒரு வாய்க்கால், ஒரு கண்மாய்க்கரை. உசிலம்பட்டிப் பக்கம் என்றால் போடி ரயில்பாதை குறுக்கே வரும். மேற்கே போகப் போகக் காடு. இத்தனையும் பொது நிலம்தான். பட்டா நிலம் ஒரு சென்ட்கூட இதில் இல்லை. எல்லாமே அரசாங்கத்து நிலம், போடுவதும் அரசாங்கத்துக் கேபிள், பிறகென்ன தாமதம் என்று கேட்பீர்கள். அந்தத் தாமதத்தைத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. நாட்டிலுள்ள ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோக வேண்டும். பாரத்நெட் என்ற பெயர் 2015இல் வந்தது. தமிழ்நாட்டில் திட்டக் கணக்கின்படி 12,525 ஊராட்சிகள். இங்கே பெரும்பகுதியை மின்கம்பங்கள் வழியாகவே இழுத்தார்கள். தோண்டும் அனுமதி குறைவாகப் போதும் என்பது அதில் ஒரு லாபம். காற்றடித்துக் கிளை விழுந்தால் அறுந்துபோகும், ரோட்டை அகலப்படுத்தக் கம்பத்தை மாற்றினால் கேபிளும் இறங்கிவிடும் என்பது நஷ்டம். நிலைத்து நிற்பது மண்ணுக்கடியில் போட்டதுதான். அதற்கு 165 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், அனுமதியும் வேண்டும்.

ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், உசிலம்பட்டிக்கு மேற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு முன்னால் வாய்க்கால், அதன்மேல் ஒரு சின்னப் பாலம். இந்தப் பக்கம் கேபிள் வந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கமும் ஊருக்குள்ளிருந்து பாலம் வரைக்கும் குழாய் பதித்தாகிவிட்டது. மிச்சம் அந்தப் பாலத்தின் நீளம் மட்டும்தான், நாற்பதடிகூட வராது. பாலம் சாலைத் துறையுடையது. கீழே ஓடுகிற வாய்க்கால் வேறொரு துறையுடையது. ஏறி இறங்குகிற மண்பாதை ஊராட்சியுடையது. சாலைக்காரர்கள், "வாய்க்கால்காரர்களிடம் என்.ஓ.சி. வாங்கி வாருங்கள்" என்று எழுதினார்கள், அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். வாய்க்கால்காரர்கள், "பாலத்தின் வரைபடத்தைச் சாலைக்காரர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும்" என்று எழுதினார்கள். ஊராட்சியில் இரண்டு கடிதமும் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். இவர்களில் ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. இதைத் திரும்பவும் சொல்கிறேன், எவரும் மறுக்கவில்லை. ஃபைல் மட்டும் ஒரு மேஜையை விட்டு இறங்கி அடுத்த மேஜையில் ஏறிக்கொண்டே இருந்தது.

அந்த நாட்களில் மிச்சக் கேபிளைச் சுருட்டிப் பாலத்துக்குப் பக்கத்துப் பனைமரத்தில் கட்டி வைத்திருந்தோம். கறுப்புச் சுருள், வெட்டின முனையில் தண்ணீர் இறங்காமலிருக்கப் பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் டேப். வெயிலில் டேப் உரிந்துவிடும், மறுபடி சுற்றுவோம். ஆடு மேய்க்கிற ஓர் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன சார், இன்னும் பாலம் தாண்டலையா?" என்று கேட்பார். அவருடைய மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் பஸ் ஏறி உசிலம்பட்டி போய் வந்துகொண்டிருந்தாள். ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் மெஷின் சுற்றிக்கொண்டே நிற்கும், வரிசை நகராது. ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருந்தது, அதன்மேல் உறை போட்டிருந்தது.

கடைசியில் அந்தக் கோட்டத்துக்கு வந்த ஒரு வருவாய்த் துறை அதிகாரி, மூன்று துறைப் பொறியாளர்களையும் ஒரே நாளில் பாலத்துக்கு வரச் சொன்னார். வி.ஏ.ஓ. புலப்படத்தோடு வந்திருந்தார். டேப்பை வைத்து அளந்தார்கள். கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் இரும்புக் குழாயைக் கிளாம்ப் போட்டு அதற்குள் கேபிளைக் கொண்டுபோகலாம், பாலத்தில் கை வைக்க வேண்டாம், தண்ணீர் ஓட்டத்துக்கும் இடைஞ்சல் இல்லை என்று ஒரு சாலை ஆய்வாளர்தான் சொன்னார். ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்து, மூவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். காலையில் வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த வாரம் ஊருக்கு லைன் கிடைத்தது.

நான் இத்தனை காலமாகச் சொல்லிவருவது இதைத்தான். துறைகள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் மூத்த தாய்மாமன் வந்து உட்கார்ந்த பிறகுதான் இளைய தாய்மாமனுக்குப் பத்திரிகை வைப்போமா? எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வைக்கிறோம். விண்ணப்பமும் ஒன்றாக எல்லாத் துறைக்கும் ஒரே நாளில் போகட்டும், கூட்டாக ஒருமுறை இடத்தைப் பார்க்கட்டும்.

சட்டத்தில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. கேபிளுக்கு நிலத்தில் வழிவிடுவது பற்றி 2016இல் வந்த மத்திய அரசு விதிகளிலேயே, விண்ணப்பம் கொடுத்து 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும், ஒன்றும் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. பரிசீலனைக் கட்டணம் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, ரோட்டைச் சரிசெய்யும் செலவு தனி என்றும் அதில் இருந்தது. 2022 மே மாதம் கதிசக்தி சஞ்சார் என்று ஆன்லைனில் விண்ணப்பிக்கும் வசதியும் வந்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி புது விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன.

ஆனால் களத்தில் நிற்கிறவன் படும் பாட்டைக் கேளுங்கள். மௌனம் சம்மதம் என்று விதி சொல்கிறது. ஜே.சி.பி.யை இறக்கிய பத்தாவது நிமிஷம் சாலைப் பணியாளர் ஒருவர் சைக்கிளில் வந்து, "ஆர்டர் எங்கே?" என்று கேட்பார். அவரிடம் மௌனத்தையா காட்ட முடியும்? கான்ட்ராக்டர் வண்டியைத் திருப்பிவிடுவார், அவர்மேல் தப்பில்லை, நாளைக்கு வழக்கு வந்தால் அவர்தான் நிற்க வேண்டும். ஆகவே கெடு முடிந்த அன்றே முத்திரையோடு ஒரு அனுமதிக் கடிதம் தானாகவே வந்துவிட வேண்டும். அந்த நகல் ஊராட்சித் தலைவர் கையிலும், உள்ளூர்க் காவல் நிலையத்திலும் இருக்க வேண்டும். கையில் ஒரு தாள் இருந்தால்தான் நம் பக்கம் மண்வெட்டி மண்ணில் இறங்கும்.

சீக்கிரம் கொடுங்கள் என்று கேட்கிற நான், பார்க்காமல் கொடுங்கள் என்று கேட்கவில்லை. துறைக்காரர்கள் தயங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்குத் தெரியும். கோடையில் தோண்டி அள்ளிப்போட்டு மூடிவிட்டுப் போனால் பார்ப்பதற்குச் சமமாக இருக்கும். முதல் மழைக்கு அந்தக் கோடு அப்படியே ஒரு சாண் இறங்கும். இருட்டில் வருகிற பைக்கின் முன்சக்கரம் அதில்தான் போய் விழும். அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டித்துத்தான் மூட வேண்டும். கூட்டுக் குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டுச் சொல்லாமல் போனவர்களும் உண்டு, ஊரே ஒரு வாரம் குடத்தோடு அலையும். தோண்டுமுன் மற்ற துறைகளுக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் ஒரு செயலி வந்தது, அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். கண்மாய்க்கரையின் உச்சியில் தோண்டவே கூடாது. கரைக்கு வெளியே தள்ளிப் போங்கள், நூறு மீட்டர் கேபிள் கூடினாலும் பரவாயில்லை. கரை உடைந்தால் அந்த வருஷத்து விவசாயமே போச்சு.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். மலையடிவார ஊர்களைப் பற்றி நிறையக் குறித்து வந்திருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். சாப்டூர்ப் பக்கத்துக் காடு 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது, அங்கே கூடுதல் கவனம் வேண்டியதுதான். மற்றக் காட்டுப் பகுதிகளில், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவைப் பாருங்கள். காட்டு நிலத்தை ஒதுக்கித் தரக்கூடிய, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை போன்ற 13 வசதிகளில் மின்சார, தொலைத்தொடர்புக் கம்பிகளும் இருக்கின்றன. ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ரோட்டோரம் கேபிள் போடுவதற்கு மரமே வெட்ட வேண்டியிருக்காது.

அந்தப் பரிந்துரை உங்கள் கையில் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். தீர்மானத்தில் பொதுவாக "இன்டர்நெட் வேண்டும்" என்று எழுதாதீர்கள். கேபிள் வரும் வழியை, எந்தெந்தப் புல எண் வழியாக, எந்த வாய்க்காலைத் தாண்டி என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு எழுதுங்கள். சம்பந்தப்பட்ட துறைகள் எல்லாம் ஒரே நாளில் வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள். நகலைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி. வணக்கம்.